இரண்டு விரற்கடை முடி

5 ஜனவரி 1987, திங்கள்

பள்ளி திறந்த நாள். முச்சந்தியில் பஸ் ஏறியவர்களை ஜன்னல் வழியாக எண்ணினேன். பதினொரு பேர். அதில் நாலு பேர் என்னோடு படித்தவர்கள். மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. பரீட்சை தேறி நான்காம் படிவம் போகிறார்கள். நான் இரண்டாம் படிவத்தில் பாதியில் நின்றவள். அம்மாவுக்கு முடியாமல் போனது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா சொன்னார், நின்றேன். போன ஆவணியில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திரும்பப் போகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றிலிருந்து டிரசர் வீட்டில் வேலை. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் மொஹிந்தர் சிங்கின் வீடு. தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் அது ‘வங்காளி வீடு’. துணி, பாத்திரம், கூட்டுவது, மாவு பிசைவது. இந்த டைரி அவர் கொடுத்தது. மருந்துக் கம்பெனியுடையது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்துப் புட்டி. “எழுதத் தெரியும்தானே, வச்சுக்க,” என்றார்.

என்ன எழுதுவது?

8 ஜனவரி, வியாழன்

ஒன்றும் இல்லை. மழை.

14 ஜனவரி, புதன்

பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. பக்கத்து வீட்டு வள்ளியம்மா அத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். அம்மாவும் அவளும் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்கள். அப்பா கையை நீட்டவில்லை.

“கூடாதுன்னு எனக்கும் தெரியும்ணே. ஒனக்கு யாரு குடுத்தா? புள்ளைக்குத்தான்,” என்றாள் அத்தை.

சாப்பிட்டேன். இனிப்பு என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

அம்மா போன அன்று நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று குழாயடியில் பேசினார்களாம். அதையும் அத்தைதான் வந்து சொன்னாள். எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

19 ஜனவரி, திங்கள்

டிரசர் மகள் பர்மிந்தர். வீட்டில் பம்மி. பதின்மூன்று வயது, முதலாம் படிவம். லயத்துப் பிள்ளைகளோடு ஓடி வளர்ந்தவள், எங்களைப் போலவே தமிழ் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் குருத்துவாராவில் பஞ்சாபிப் பள்ளி. அங்கே வருஷத்துக்கு ஒரு முறை சமயப் பரீட்சை. போன வருஷம் இருபத்தாறு பிள்ளைகளில் பம்மி ஒருத்திதான் பெயில். பெயரைச் சத்தமாக வாசித்தார்களாம்.

டிரசரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆண்டி என்றும் கூப்பிடுகிறேன். இன்று ஆண்டி என்னை மேசை முன் உட்காரச் சொன்னார். நின்றேன். “டூடுக் லா,” என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“நான் கேட்டா இவ சண்டை போடுறா. நீ கேளு, இவ சொல்லட்டும். டெய்லி. மார்ச் இருவத்திரெண்டு பரீட்சை. நீ இவள படிக்க வை. அங்கிள் உனக்கு எஸ்.ஆர்.பி. பாரம் போடுவாரு. பிரைவேட்.”

பள்ளிக்குப் போகாமலே எழுதலாமாம். பரீட்சை அக்டோபரில். விண்ணப்பப் பாரம் மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். பீடியை அணைத்தார். “மார்ச்சு வரைக்கும் பாரு. அந்த வீடு சரிப்படலன்னா, புல்லு வெட்டுற கும்பல மேய்க்கிற காளியண்ணன் மண்டோரு ஒம் பேர எழுதிக்கிறேன்னாரு.”

எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறதா? இருக்கிறது. ரொம்ப தூரத்தில் யாருக்கோ இருப்பது போல இருக்கிறது.

26 ஜனவரி, திங்கள்

பரீட்சைக் குறிப்புகள் ஆங்கிலத்தில். சைக்ளோஸ்டைல் தாள்கள், மை கலங்கிப் பாதி எழுத்து தெரியாது. பம்மியின் அகராதியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் தாண்ட இரண்டு நாள் ஆயிற்று.

இவர்கள் வங்காளிகளே இல்லை, சீக்கியர்கள். இத்தனை வருஷம் ஒரே தோட்டத்தில் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. குரு நானக்கிலிருந்து பத்து குருமார்கள். பத்தாவது குருவுக்குப் பிறகு ஆள் கிடையாது. புத்தகம்தான் குரு. அதற்குப் பட்டு விரிப்பார்கள், சாமரம் வீசுவார்கள்.

“ராத்திரி தூங்கவும் வைப்பாங்கக்கா,” என்றாள் பம்மி. “எங்க மம்மி என்னையக்கூட அவ்வளவு அன்பா தூங்க வச்சதில்ல.”

உள்ளேயிருந்து ஆண்டி பஞ்சாபியில் ஏதோ கத்தினார். பம்மி உடனே குனிந்து படித்தாள்.

3 பிப்ரவரி, செவ்வாய்

ஐந்து அடையாளங்கள். கேஷ், வெட்டாத முடி. கங்கா, மரச்சீப்பு. கடா, இரும்பு வளையல். கச்சேரா, முழங்கால் வரை வரும் உள்ளாடை. கிர்பான், சிறு வாள்.

நாலாவதில் பம்மி சிரித்து நிறுத்திவிடுகிறாள். “அத எப்படி எழுதுறது? குருத்துவாராவுல ஓதுற கியானி தாத்தாதான் திருத்துவாரு. வெக்கமா இருக்காது?”

“அவரும் போட்டிருப்பாரு. எழுது. மார்க் உண்டு.”

நானா அப்படிப் பேசினேன் என்று இருந்தது. பம்மி மேசை மேல் விழுந்து சிரித்தாள்.

நான்காம் கேள்வி: முடியை ஏன் வெட்டுவதில்லை? விடை: இறைவன் தந்த உருவத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதன் அடையாளம். இரண்டு மார்க். மூன்று நாளாகக் கேட்கிறேன், பம்மி தடுமாறுவதே இல்லை.

11 பிப்ரவரி, புதன்

இன்று ஒரு கேள்வி. யாராவது இறந்தால் சீக்கியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? விடை: மாரடித்து ஒப்பாரி வைக்கக் கூடாது. அவன் சித்தம் என்று ஏற்க வேண்டும்.

மூன்று தடவை வாசித்தேன். “என்னக்கா நின்னுட்டீங்க?” என்றாள் பம்மி. மை தெரியவில்லை என்றேன்.

குழாயடியில் கல்நெஞ்சு. இங்கே அதற்கு மூன்று மார்க். ஆனால் நான் ஏற்றுக்கொண்டா அழாமல் இருந்தேன்? ஏற்றுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டேன். அம்மாவின் மருந்துப் புட்டிகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தேன். இதற்கு எந்தச் சமயத்தில் என்ன மார்க்?

1 மார்ச், ஞாயிறு

கிள்ளானுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். தலையில் ஆண்டியின் துப்பட்டா. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் தரையில் ஒரே வரிசை. பெரிய கார் வைத்திருக்கிற ஒருவர் வாளியோடு குனிந்து எனக்குப் பருப்பு ஊற்றினார். போதும் என்று சொல்லத் தெரியாமல் மூன்று முறை வாங்கினேன். ‘ஒரே வரிசை ஏன்?’ என்பது எட்டாம் கேள்வி.

5 மார்ச், வியாழன்

பாரம் வந்துவிட்டது. நீலக் கோடு போட்ட தாள். பெயர்: கலாவதி த/பெ செல்லையா. அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். அங்கிள் அதைத் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். “முப்பதாந்தேதி குவால சிலாங்கூர் போறேன். நானே குடுத்திடுறேன்.”

வள்ளியம்மா அத்தை கேட்டாள்: “அதெழுதி என்னடி ஆவப்போற? ஆபீசு கிராணியா?”

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

12 மார்ச், வியாழன்

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

ஆண்டி பத்தாங் பெர்ஜுந்தை சந்தைக்குப் போயிருந்தார். பம்மி தலை குளித்துவிட்டு வந்து, சிக்கு எடுத்துவிடுங்கள் என்று எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே வரும் முடி. எண்ணெய் வைத்தேன். அவள் பத்து குருமார்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாவதில் எப்போதும் போல நின்றாள். எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். நுனியெல்லாம் பிளந்து செம்பட்டையாக இருந்தது.

நான் எழுந்து போய்ப் பழைய பேப்பர் எடுத்து வந்து விரித்தேன். ஆண்டியின் தையல் கத்தரியை எடுத்தேன். வளர்பிறை, வியாழக்கிழமை, செவ்வாய் வெள்ளி இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனதில் ஓடியது. அம்மா எனக்கு மாசாமாசம் இப்படித்தான் செய்வாள். வளர்பிறையில் நுனி வெட்டினால் முடி கருகருவென்று வளரும். நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு விரற்கடை அளந்து, வெட்டினேன். பேப்பரை மடித்துக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடியின் அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். அதுவும் அம்மா செய்வதுதான்.

திரும்பி வந்தபோது பம்மி நுனியைக் கையில் பிடித்து வைத்திருந்தாள்.

“அக்கா. என்ன பண்ணீங்க?”

அப்போதுதான். அப்போதுதான் தெரிந்தது.

தினமும் நான்தானே கேட்கிறேன்? முடியை ஏன் வெட்டுவதில்லை? நான்தானே கேட்கிறேன்! அந்தக் கேள்வி தாளில் இருந்தது. இந்த முடி என் கையில் இருந்தது. இரண்டும் ஒன்று என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கே போயிருந்தேன் நான்?

பம்மி அழவில்லை. “மம்மிகிட்ட சொல்லாதீங்கக்கா. பின்னி ரப்பர் போட்டா தெரியாது.” கொஞ்சம் பொறுத்து, “நுனி நல்லா சமமா இருக்குல்ல?” என்றாள். அதற்குப் பிறகு ஏழாவது குருவின் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

13 மார்ச், வெள்ளி

சப்பாத்தி கருகியது. மறுபடி மாவு பிசைந்தேன்.

15 மார்ச், ஞாயிறு

ஆண்டி பம்மிக்குப் பின்னல் போடும்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே தட்டை எத்தனை முறை கழுவினேனோ. ஆண்டி கவனிக்கவில்லை. பம்மி தானே நுனியைப் பிடுங்கி ரப்பர் போட்டுக்கொண்டாள்.

இன்னும் பதினைந்து நாள். முப்பதாம் தேதி பாரம் போய்விடும். அதுவரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். எனக்கு வாயைத் திறக்காமல் இருக்கத் தெரியும். அது ஒன்றுதான் நன்றாகத் தெரியும்.

18 மார்ச், புதன்

பழைய கேள்வித்தாளை வைத்து மாதிரிப் பரீட்சை. பம்மி வேகமாக எழுதினாள், கச்சேராவைக்கூட எழுதிவிட்டாள். நான்காம் கேள்வியில் மட்டும் இடம் விட்டிருந்தாள்.

“மறந்துட்டியா?”

“இல்ல.” பேனா மூடியைக் கடித்தாள். “வெட்ட மாட்டோம்னு நான் எழுதலாமாக்கா இப்ப? கியானி தாத்தாகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆகாது?”

“நீ வெட்டல. நான்தான்.”

“ஆனா என் முடிதானே. விடுங்கக்கா. ரெண்டு மார்க்தான்.”

வீட்டுக்கு வந்தும் அந்த வெற்று இடம் கண்ணில் நிற்கிறது. வெட்டியது நான். மூடி மறைப்பது அவள். பன்னிரண்டு நாள் அவள் அதைச் சுமந்தால் எனக்குப் பாரம் போய்ச் சேரும்.

20 மார்ச், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பம்மி பள்ளியிலிருந்து வருவதற்கு முன். ஆண்டி பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். வெட்டும்போது பம்மிக்குத் தெரியாது, கேட்காமல் நான்தான் செய்தேன், வளர்பிறையில் எங்கள் பக்கம் செய்வோம், யோசிக்கவில்லை. இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

ஆண்டி கத்துவார் என்று காத்திருந்தேன். பயறுத் தட்டைக் கீழே வைத்தார்.

“எங்க?”

“என்ன ஆண்டி?”

“அந்த முடி. எங்க?”

செம்பருத்தியைக் காட்டினேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் போய் மண்ணில் முட்டி போட்டுக் கையாலேயே தோண்டினார். பேப்பர் ஊறிப் போயிருந்தது. முடியைக் குழாயில் அலசினார். ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து மடித்தார். மடித்த பிறகும் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“பொறந்ததிலேருந்து கலா. சீப்பில வர்ற முடிகூட நான் தூக்கிப் போட்டதில்ல.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு, “நீ வீட்டுக்குப் போ.”

வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். “யாருமே பாக்கல. நீயா போயி ஏம்மா சொன்ன?” என்று மட்டும் கேட்டார். வள்ளியம்மா அத்தைதான் குதித்தாள். “ரெண்டு விரக்கடை மயிரு! அதுக்கு ஒரு வேல போச்சா? நம்ம புள்ளைங்கள மொட்டையே அடிக்கிறோம், சாமியா கோவிச்சுக்குது?”

“அவங்க சாமிக்கு வெட்டாததுதான் அத்தே காணிக்கை,” என்றேன்.

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பரீட்ச ஒனக்கா அந்தப் புள்ளைக்கா?” என்றாள்.

22 மார்ச், ஞாயிறு

இன்று பம்மிக்குப் பரீட்சை. பத்து மணிக்குத் தொடங்கியிருக்கும். துணி துவைத்தேன். பத்து பெயரையும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

24 மார்ச், செவ்வாய்

காலை ஐந்தரைக்குப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில் நின்றேன். காளியண்ணன் மண்டோர் பெயர் கூப்பிட்டார். “செல்லையா மக. படிச்ச புள்ள. புல்லுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?” எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. பழைய கையுறை ஒன்று கொடுத்தார்.

25 மார்ச், புதன்

கை.

31 மார்ச், செவ்வாய்

கடைசி நாள். டிரசர் வீட்டுப் பக்கம் போகவில்லை. நீலக் கோடு போட்ட தாள் இழுப்பறையிலேயே இருக்கும். இருக்கட்டும். அப்பா இன்று எனக்கு முன்னால் பீடி பிடிக்காமல் வெளியே போய்ப் பிடித்தார்.

10 ஏப்ரல், வெள்ளி

கையில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. மண்டோர் ஆஸ்பத்திரிக்குத் துரத்தினார். அங்கே அங்கிளைத் தவிர யார் இருப்பார்கள்? பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தேன்.

கீறிக் கட்டுப் போட்டார். கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பம்மி பாஸ். எழுவத்தொம்பது.”

தலையாட்டினேன்.

“நாலாவது கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கா. ரெண்டு மார்க் கேள்விக்கு. கியானி அவங்கம்மாவக் கூப்பிட்டு அதப் படிச்சுக் காட்டினாரு.” என்ன எழுதியிருந்தாள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கட்டுக்கு முடிச்சுப் போட்டார். “உன் பாரம் முப்பதாந்தேதியே குடுத்தாச்சு. ஆண்டிதான் குடுக்கச் சொன்னா.”

எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தேன்.

“ஆனா நீ வீட்டுக்கு வர வேணாம்னும் சொல்லச் சொன்னா. இப்ப முடியாது அவளுக்கு. ரெண்டும் அவ சொன்னதுதான் கலா. ரெண்டையும் சொல்லிட்டேன்.”

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எதை முதலில் நினைப்பது? இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. வலிக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். மருந்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டுக்காரர் சன்னாசி, “பின்ன வலிக்காம?” என்றார்.

2 ஜூன், செவ்வாய்

புல் வெட்டி முடிய ஒரு மணி. குளித்துச் சமைத்து மூன்றுக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை படிக்கலாம். கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை. வள்ளியம்மா அத்தை தானாக வந்து உட்கார்ந்தாள். எழுத்து தெரியாது. நான் விடை சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறாள். தடுமாறினால், “பொய்யி. திரும்பப் படி,” என்கிறாள். இதுவரை ஒரு முறைகூட அவள் கணிப்பு தப்பியதில்லை.

19 ஆகஸ்டு, புதன்

அம்மா போய் ஒரு வருஷம். திதி கொடுத்தோம். இந்த முறையும் குழாயடிப் பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். மாலையில் சரித்திரம் படித்தேன், மலாக்கா பாடம் முடிந்தது.

13 அக்டோபர், செவ்வாய்

முதல் நாள் பரீட்சை. குவால சிலாங்கூர் பள்ளி மண்டபம். தனியாக எழுத வந்தவர்களுக்குக் கடைசி வரிசை. என் பக்கத்தில் இருந்த சீன ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். பேனாவை மூன்று முறை திறந்து மூடினார். நான் உடனே எழுதத் தொடங்கினேன். மலாய்க் கட்டுரை ஒன்றரைப் பக்கம் வந்தது. நேரம் முடிந்தது என்று சொன்ன பிறகும் இன்னொரு வரி எழுதத் தோன்றியது.

வாசலில் பள்ளிச் சட்டையோடு பம்மி நின்றிருந்தாள். அவள் பள்ளியும் இதுதான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஏழு மாதத்தில் என் தோள் வரை வளர்ந்துவிட்டாள். கிட்டே வரலாமா வேண்டாமா என்று நின்று, பிறகு வந்தாள். உணவு டப்பா ஒன்றை நீட்டினாள்.

“மம்மி குடுத்தாங்க. நான் கேக்கல. அவங்களா காலைல செஞ்சாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. டப்பாவத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்களே கொண்டுவரணுமாம்.”

பஸ் நிறுத்தத்தில் பம்மியோடு உட்கார்ந்து திறந்தேன். நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு. இத்தனை மாதமும் நேரமாகிவிட்டது என்றுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்று பசித்தது. நாலையும் சாப்பிட்டுவிட்டு, பம்மி பார்க்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், விரலை நக்கினேன்.

நாளை ஆங்கிலம். நாளை மறுநாள் கணக்கு. டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.